பழைய கணினியில் ஒரு கோப்புக் களஞ்சியம்: ரங்கூன் அச்சகத்தில் ஓப்பன்மீடியாவால்ட்

ரங்கூன் நகரின் நடுப்பகுதியில், அனோரதா சாலைக் காளி கோயிலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், என் அண்ணனும் நானும் நடத்திவரும் அச்சகத்தோடு ஒரு சிறிய புகைப்பட நிலையமும் சேர்ந்திருக்கிறது. திருமண அழைப்பிதழ், காதுகுத்து அட்டை, தீமிதித் திருவிழாச் சுவரொட்டி, கருமாதிப் பத்திரிகை என்று தமிழ்க் குடும்பங்களுக்கு வேண்டியவையும், பர்மியக் கடைக்காரர்களுக்கு வேண்டிய பெயர்ப்பலகைகளும் ரசீதுப் புத்தகங்களும் எங்களிடம் அச்சாகின்றன. இருபது ஆண்டு வேலையின் கோப்புகள் ஐந்து கணினிகளிலும், ஒரு தகரப் பெட்டி நிறையக் கிடந்த பென் டிரைவ்களிலும் குறுந்தட்டுகளிலும் சிதறியிருந்தன. மூத்த மகளுக்கு அடித்த அழைப்பிதழைப் போலவே இளைய மகளுக்கும் வேண்டும் என்று யாராவது கேட்டு வந்தால், "நாளைக்கு வாங்க மாமா, தேடி எடுத்து வைக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அரை நாள் முழுவதும் தேடுவோம். சில சமயம் கிடைக்காமலும் போயிருக்கிறது.

பதினான்கு மாதங்களுக்கு முன் அந்தக் கோப்புகள் அனைத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தோம். வைத்த இடம், ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய மேசைக்கணினி. அதை இயக்குவது ஓப்பன்மீடியாவால்ட் என்னும் திறந்த மூல மென்பொருள். இத்தனை நாள் தினமும் அதைப் பயன்படுத்திய பிறகு, அது எங்களுக்கு எவ்வளவு தூரம் உதவியது, எங்கே சிரமப்படுத்தியது, எங்களைப் போன்ற சிறு தொழிலகங்கள் அதை நம்பலாமா என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

இதற்கென்றே தயாரித்து விற்கப்படும் ஆயத்தப் பெட்டிகளை நாங்கள் முதலில் விசாரிக்காமல் இல்லை. இரண்டு வன்தட்டுகள் வைக்கும் இடமுள்ள பெட்டி ஒன்றின் விலை மட்டுமே, வன்தட்டு இல்லாமலேயே, நாங்கள் பின்னர் செய்த மொத்தச் செலவில் முக்கால் பங்குக்கு வந்தது. இறக்குமதிப் பொருளுக்குக் காலையில் சொன்ன விலை மாலையில் நிற்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் வாடகைக்கு இடம் எடுப்பது எங்கள் நிலைக்கு ஒத்துவரவில்லை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் எடுத்தால், செறிவு குறைக்காத மூலக் கோப்புகளாக ஐம்பது, அறுபது ஜிகாபைட் சேர்ந்துவிடும். எங்கள் இணைய இணைப்பில் அதை மேலேற்ற நாள்கணக்கில் ஆகும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் அட்டை வழியே பணம் கட்டுவதும் இங்கே பலருக்குக் கைகூடாத காரியம். கோப்பு கடைக்குள்ளேயே இருக்க வேண்டும், இணையம் இல்லாத நாளிலும் கைக்கு எட்ட வேண்டும் என்பதே எங்களுடைய முதல் தேவை.

ஓப்பன்மீடியாவால்ட் என்பது லினக்ஸ் இயங்குதள வகைகளுள் ஒன்றான டெபியனின் மேல் கட்டப்பட்ட ஒரு கோப்புச் சர்வர் தொகுப்பு; அதாவது, ஒரு கணினியில் உள்ள கோப்புகளை மற்றக் கணினிகளும் எடுத்துப் பயன்படுத்தச் செய்யும் மென்பொருள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு 2005இல் தொடங்கிய ஃப்ரீநாஸ் என்னும் இதே வகைக் கோப்புச் சர்வர் திட்டத்தில் பணியாற்றிய ஃபோல்கர் டைலெ என்பவர், அதிலிருந்து தனியே வந்து டெபியனைத் தளமாகக் கொண்டு இதை உருவாக்கினார். முதல் வெளியீடு 2011இல் வந்தது. குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் வெளியிடப்படுவதால், நிறுவுவதற்கோ, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கோ, எத்தனை வன்தட்டு வைக்கிறோம் என்பதற்கோ கட்டணம் கிடையாது. நாங்கள் நிறுவியது ஏழாம் பதிப்பு. அது டெபியன் 12இன் மேல் அமைந்தது. கோப்புகளைப் பகிரும் உண்மையான வேலையை இதனுள் செய்வது சாம்பா என்னும் மென்பொருள். விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்பு பரிமாறிக்கொள்ளும் முறையை வெளியிலிருந்து கவனித்துப் புரிந்துகொண்டு, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் அதைத் தொடங்கினார். அவரே மற்றொருவருடன் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் கருவிதான் எங்கள் காப்புநகல்களையும் எடுக்கிறது. முப்பது ஆண்டாக உலகம் முழுவதும் புழங்கித் தேய்ந்து பண்பட்ட பொருள்களை ஓர் உலாவிப் பக்கத்தின் பின்னால் ஒழுங்காக அடுக்கித் தந்திருக்கிறார்கள் என்பதே இந்தத் தொகுப்பின் உண்மையான பலம் என்று நான் கருதுகிறேன்.

கணினியைப் பொறுத்தவரை நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், வன்தட்டு செருகும் நான்கு சாட்டா இணைப்புகள் கொண்ட நிமிர்ந்த பெட்டி. இயங்குதளத்துக்கு 120 ஜிகாபைட் எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு 4 டெராபைட் வன்தட்டு இரண்டு. இயங்குதளம் இருக்கும் தட்டை ஓப்பன்மீடியாவால்ட் தனக்கென்று முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அதற்குச் சிறியதும் மலிவானதுமான ஒன்றை ஒதுக்குவதே சரி. இந்தக் கணினி வேலையின்றி இருக்கும்போது ஏறத்தாழ 25 வாட் எடுக்கிறது. ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடினாலும் 219 யூனிட்தான் ஆகும். எங்கள் ஊரில் அது ஒருநாளும் நிற்காமல் ஓடப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

வன்தட்டு வாங்கியதில் நேர்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் புதியவை என்று சொல்லியே கடைக்காரர் கொடுத்தார். உறை ஒட்டியிருந்தது, ஒட்டுத்தாளும் பளபளப்பாக இருந்தது. மென்பொருளை நிறுவி முடித்ததும் நான் செய்த முதல் வேலை, சேமிப்பகப் பகுதியில் ஸ்மார்ட் என்ற தலைப்பின்கீழ் உள்ள விவரங்களைத் திறந்து பார்த்ததுதான். ஒவ்வொரு வன்தட்டும் தன் வாழ்நாள் கணக்கைத் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. ஒன்பதாம் எண் வரிசையில் அது இதுவரை மின்சாரம் பெற்று ஓடிய மணிநேரம் இருக்கும். ஒரு தட்டில் 2 என்று இருந்தது. மற்றதில் 31,000ஐத் தாண்டியிருந்தது. அதாவது எங்கோ ஒரு சர்வரில் மூன்றரை ஆண்டு இரவுபகலாக ஓடி ஓய்ந்த தட்டு. அந்தப் பக்கத்தை எங்கள் அச்சு இயந்திரத்திலேயே அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "அதெல்லாம் அப்படித்தான் காட்டும் ஐயா" என்று முதலில் சொன்னவர், இரண்டு தட்டுகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு மாற்றித் தந்தார். எதையும் நகல் செய்யும் முன், வாங்கிய அன்றே, ஐந்தாம் எண், ஒன்பதாம் எண், 197ஆம் எண் ஆகிய மூன்று வரிகளையும் பார்த்துவிடுங்கள். ஐந்து என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. புதிய தட்டில் இரண்டும் சுழியாக இருக்க வேண்டும். இந்த விவரங்களை இத்தனை எளிதாகக் கண்முன் வைப்பதற்காகவே இந்த மென்பொருளுக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன்.

நிறுவுவது கடினமன்று. ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் அளவுள்ள கோப்பை இறக்கி, ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே எச்சரிக்கை, எந்தத் தட்டில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் தவறிப்போய்க் கோப்புத் தட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதிலுள்ளவை அழிந்துவிடும். ஆகவே நிறுவும் வரை கோப்புத் தட்டுகளின் கம்பியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. பிறகு திரையும் விசைப்பலகையும் தேவையில்லை. மற்ற கணினி ஒன்றின் உலாவியில் சர்வரின் முகவரியைத் தட்டினால் நிர்வாகப் பக்கம் வரும். எல்லோருக்கும் தெரிந்த இயல்புக் கடவுச்சொல்லோடுதான் அது வருகிறது. அதை உடனே மாற்றிவிட வேண்டும்.

நிர்வாகப் பக்கம் தெளிவாக இருக்கிறது என்றாலும், இரண்டு இடங்களில் புதியவர்களைத் தடுமாறச் செய்கிறது. முதலாவது, எந்த மாற்றத்தைச் செய்து சேமித்தாலும் அது உடனே நடைமுறைக்கு வருவதில்லை. பக்கத்தின் மேற்பகுதியில் ஒரு மஞ்சள் பட்டை தோன்றி, மாற்றங்களை உறுதி செய்யும்படி கேட்கும், அதில் சரி என்ற குறியை அழுத்திய பிறகே உள்ளே வேலை நடக்கும். முதல் வாரத்தில் பயனர் ஒருவரைச் சேர்த்துவிட்டு இந்தப் பட்டையைக் கவனிக்காமல், ஏன் உள்ளே நுழைய முடியவில்லை என்று ஒரு மணி நேரம் தேடினேன். இரண்டாவது சிக்கல் பெரியது. ஒரு பகிர்வுக் கோப்புறையை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று தீர்மானிக்க இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கின்றன: ஒன்று சலுகைகள் எனப்படும் எளிய பட்டியல், மற்றது அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் எனப்படும் விரிவான அமைப்பு. இரண்டிலும் கை வைத்தால் ஒன்று அனுமதித்ததை மற்றது மறுக்கும், எங்கே தடை என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிடும். சிறு கடைக்கு முதலாவது போதும். இரண்டாவதைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டை வைத்திருப்பவர்கள், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வு திறக்காமல் போவதைக் காண்பார்கள். அது சர்வரின் குறையன்று. விண்டோஸே அதைத் தடுக்கிறது. ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கிக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும், யார் எதை மாற்றினார்கள் என்ற பொறுப்பும் தெளிவாகும். எங்களிடம் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. அதற்குத் தெரிந்தது கோப்புப் பகிர்வின் முதல் பதிப்பு மட்டுமே. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டு 2017இல் உலகெங்கும் பரவிய வானாக்ரை தாக்குதல் அந்த முதல் பதிப்பின் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. சாம்பாவும் 2019 முதல் அதை இயல்பில் மூடியே வைத்திருக்கிறது. மறுபடி திறந்துவிட வழியிருந்தாலும் நாங்கள் திறக்கவில்லை. அந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டும் இன்றும் பென் டிரைவில்தான் கோப்பு போகிறது.

இனி மின்சாரம். இந்த ஊரில் கோப்புச் சர்வர் வைப்பவருக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய கேள்வி இதுதான், நாங்கள் செலவழித்த நேரத்தில் பாதியும் இதற்கே போயிற்று. எங்கள் தெருவில் நான்கு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த நான்கு மணி நேரம் இராது என்பது நல்ல நாளின் கணக்கு. எல்லாக் கடைகளையும் போல நாங்களும் மின்கலத்தோடு கூடிய இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். ஆனால் மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் கைக்கொள்ளும் அந்தக் கணப்பொழுது விளக்குக்கும் விசிறிக்கும் தெரியாது. கணினி அதற்குள் அணைந்துவிடும். கோப்பு எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் அணைந்தால், தட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமை தன் குறிப்பேட்டைக் கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் பாதி எழுதப்பட்ட அந்தக் கோப்பு பாதியாகவே நிற்கும். ஆகவே இன்வெர்ட்டருக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு சிறிய யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

நாங்கள் முதலில் வாங்கிய யுபிஎஸ், இன்வெர்ட்டரில் ஓடும்போதெல்லாம் நிமிடத்துக்கு ஒருமுறை டக்கென்று ஒலித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பழைய இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் வழவழப்பான அலையாக இல்லாமல் படிக்கட்டைப் போல வெட்டி வெட்டி வரும் வகை. அதை யுபிஎஸ் கெட்ட மின்சாரம் என்று நினைத்துத் தன் மின்கலத்துக்கு மாறுவதும் திரும்புவதுமாக இருந்ததில், தேவைப்படும் நேரத்தில் அதனிடம் சக்தியே மிஞ்சவில்லை. தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டரை வாங்கிய பிறகே அந்தச் சத்தம் நின்றது. மொத்தச் செலவில் வன்தட்டுகளுக்கு அடுத்தபடி அதிகம் பிடித்தது இதுதான். கணக்குப் போடும்போது இதை விட்டுவிட்டு மலிவு என்று சொல்வது நியாயமாகாது.

யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் கம்பியைச் சர்வரில் செருகி, நட் என்னும் கூடுதல் செருகுநிரலை நிறுவினால், மின்சாரம் நின்றதைச் சர்வர் தானே அறிந்துகொள்ளும். இத்தனை விநாடி காத்திருந்து முறையாக அணைந்துவிடு என்று சொல்லி வைக்கலாம். எங்களுடையது மூன்று நிமிடம் காத்திருக்கிறது. இரவில் இன்வெர்ட்டரின் மின்கலம் தீர்ந்ததும் யுபிஎஸ் விழித்துக்கொள்ளும், மூன்று நிமிடத்தில் சர்வர் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு அணையும். பதினான்கு மாதத்தில் ஒரு கோப்பும் இந்த வழியில் சேதமாகவில்லை என்பதை மனநிறைவோடு எழுதுகிறேன்.

அணைந்தது மறுபடி எழுவதில்தான் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் தானே தொடங்கு என்று, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் சொல்லி வைத்திருந்தோம். ஆயினும் சில காலைகளில் கடையைத் திறந்தால் சர்வர் அணைந்தே கிடக்கும். காரணம் இதுதான்: சர்வர் அணைந்த பிறகும் யுபிஎஸ்ஸின் மின்கலத்தில் மிச்சம் இருந்து, அது தீர்வதற்குள் தெருவில் மின்சாரம் வந்துவிட்டால், கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் நிற்கவே இல்லை, ஆகவே திரும்பி வந்ததாகவும் அதற்குத் தெரியாது. நல்ல யுபிஎஸ்கள், சர்வர் அணைந்ததும் தம் வெளியீட்டை நிறுத்திவிடும்படி நட் கொடுக்கும் கட்டளையைக் கேட்கும். எங்களுடைய மலிவு யுபிஎஸ் கேட்கவில்லை. பயாஸில் கடிகார வழியே தொடங்கும் வசதியை இயக்கி, தினமும் காலை ஏழு மணிக்கு விழிக்கும்படி வைத்தோம். அன்று முதல் அந்தச் சிக்கல் இல்லை.

இதன் இன்னொரு விளைவையும் நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம். காப்புநகல் எடுக்கும் வேலையை, எல்லோரும் சொல்வதுபோல, அதிகாலை இரண்டு மணிக்கு வைத்திருந்தேன். சர்வர் அணைந்திருந்த இரவுகளில் அது நடக்கவில்லை. தவறிய வேலையைப் பிறகு எழுந்ததும் செய்து முடிக்கும் பழக்கம் இந்த மென்பொருளின் நேர அட்டவணைக்கு இல்லை. ஒருநாள் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது தொடர்ந்து பதினொரு இரவுகள் நகல் எடுக்கப்படாமல் இருந்தது தெரிந்து எனக்கு வியர்த்துவிட்டது. இப்போது நகல், பணியாளர்கள் சாப்பிடப் போகும் பகல் ஒரு மணிக்கு எடுக்கப்படுகிறது. மின்சாரம் ஒழுங்காக உள்ள ஊர்களுக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளை நம் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் அப்படியே பின்பற்றக் கூடாது.

வேகம் முதலில் ஏமாற்றமளித்தது. விநாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவில்லை. ஒரு கல்யாணத்தின் அறுபது ஜிகாபைட்டை நகல் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சர்வரையோ வன்தட்டையோ குறை சொல்வதற்கு முன் இந்த 11 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும்: எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பின் உச்சவரம்பு ஏறத்தாழ அதுதான். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் சர்வருக்கான விளக்கு மட்டும் பச்சைக்குப் பதில் மஞ்சளாக எரிந்ததைப் புகைப்பட நிலையத்தில் வேலை செய்யும் பர்மியத் தம்பிதான் கண்டு சொன்னான். சர்வரின் நெட்வொர்க் கம்பியின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, எட்டு இழைகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு மட்டுமே இணைக்கப்பட்டிருந்தன; நான்கு இழைகளில் 100 மெகாபிட்தான் ஓடும், ஆயிரம் மெகாபிட்டான ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கம்பியை மாற்றியதும் 110 மெகாபைட் வந்தது, அதே அறுபது ஜிகாபைட் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது.

தமிழிலும் பர்மியத்திலும் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை வழிகாட்டிகளில் நான் காணவில்லை. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன். பழைய கணினிகளிலிருந்து கோப்புகளை மாற்றும்போது, ஆயிரக்கணக்கானவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, ஆனால் சில கோப்புகள் மட்டும் பெயர் நீளம் என்று சொல்லி நின்றுவிட்டன. அவற்றுள் ஒன்று, ‘அருள்மிகு ஸ்ரீ அங்காள பரமேஸ்வரி அம்மன் திருக்கோயில் தீமிதித் திருவிழா அழைப்பிதழ் இறுதித் திருத்தம்’ என்ற பெயருள்ள சுவரொட்டிக் கோப்பு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை ஒரு பெயரில் 255 குறியீடுகளை ஏற்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமை 255 பைட்டுகளைத்தான் ஏற்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றே. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அதிலும் ‘தி’ என்று நாம் ஓரெழுத்தாகக் காண்பது கணினிக்குத் தகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆறு பைட். புள்ளி வைத்த மெய்யெழுத்தும் அப்படியே. ஆகத் தமிழ்ப் பெயருக்குக் கிடைப்பது 85 குறியீடுகளே, கோயிலின் முழுப்பெயரை எழுதினால் அதிலேயே பாதி தீர்ந்துவிடும். பெயரைச் சுருக்கி, ஆண்டையும் ஊரையும் கோப்புறையின் பெயராக வைக்கும் முறைக்கு நாங்கள் மாறிவிட்டோம். அதனால் தேடுவதும் எளிதாகிவிட்டது.

பர்மியக் கோப்புகளின் கதை வேறு. 2019ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடுக்கு நாடு மாறும் வரை இங்கே பெரும்பாலோர் பயன்படுத்தியது ஜாவ்ஜி என்னும் எழுத்துரு. அது யூனிகோடின் அதே எண்களை வேறு ஒழுங்கில் பயன்படுத்தியதால், அன்று ஜாவ்ஜியில் பெயர் வைத்த கோப்புகள் இன்றைய கணினியில் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பித் தெரியும், தேடினாலும் அகப்படா. சர்வர் அவற்றைச் சிறிதும் மாற்றவில்லை. கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்திருக்கிறது, அதற்கு அவ்வளவுதான் தெரியும். புகைப்பட நிலையத்தின் பர்மியத் தம்பி மூன்று மாதம், வேலை குறைந்த பிற்பகல்களில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துப் புதுப் பெயர் வைத்தான். யூனிகோடு அல்லாத பாமினி என்னும் தமிழ் எழுத்துருவில் இருந்த எங்கள் பழைய கோப்புகளுக்கும் அதே பொறுமை தேவைப்பட்டது. ஒரே இடத்தில் அனைத்தும் சேர்ந்திருந்ததால்தான் அந்த வேலையைத் தொடங்கவாவது முடிந்தது.

இரண்டு வன்தட்டுகளையும் ஒன்றின் பிம்பமாக மற்றதை வைக்கும் ரெய்டு முறையில் இணைக்க வேண்டாம் என்று அண்ணனோடு பேசி முடிவு செய்தோம். ஒரு தட்டு செத்தாலும் வேலை நிற்காது என்பதே ரெய்டின் நோக்கம். ஆனால் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டு தட்டிலும் அதே நொடியில் அழிந்துவிடும். எங்கள் கடையில் தட்டு சாவதைவிடக் கை தவறுவதே அதிகம். ஆகவே முதல் தட்டில் வேலை, இரண்டாம் தட்டில் பகல் நேர நகல். மூன்றாவதாக ஒரு யுஎஸ்பி தட்டு இருக்கிறது. அதைச் செருகியவுடன் தானே நகலைத் தொடங்கும் செருகுநிரல் ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் அதைச் செருகி, முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். நகல் எடுக்கும் வேலையை அமைக்கும்போது, மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்கவா என்று ஒரு தேர்வு வரும். அதை இயக்காமல் விட்டோம். பகிர்வுக் கோப்புறைக்குக் குப்பைத்தொட்டி வைக்கும் வசதியும் இயல்பில் அணைந்திருக்கிறது, அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். ஆறாம் மாதம் ஒரு முழு ஆண்டின் அழைப்பிதழ்க் கோப்புறை அழிந்தபோது, அந்தத் தொட்டியிலிருந்து ஐந்தே நிமிடத்தில் திரும்ப எடுத்தோம்.

ஃப்ரீநாஸின் வாரிசான ட்ரூநாஸைப் பற்றியும் கேட்பார்கள். அது பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் முறைமை, எழுதிய ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்து, சத்தமில்லாமல் நேரும் சிதைவையும் கண்டுபிடிக்கும்; அந்த வகையில் அது உயர்ந்தது. ஆனால் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்கிறார்கள், எங்கள் பெட்டியில் இருப்பதோ நான்கு. ஓப்பன்மீடியாவால்ட்டுக்கு ஒரு ஜிகாபைட்டே போதும். புதிதாகக் கணினி வாங்கும் வசதி உள்ளவர்கள் ட்ரூநாஸையும் ஆராயலாம். கழித்த கணினியில் தொடங்குபவர்களுக்கு ஓப்பன்மீடியாவால்ட்டையே சொல்வேன்.

குறைகளில் இரண்டை மறைக்கக் கூடாது. பயனுள்ள செருகுநிரல்கள் பல, மூலத் திட்டத்துக்கு வெளியே தன்னார்வலர்கள் நடத்தும் தனிக் களஞ்சியத்திலிருந்து வருகின்றன; அவற்றை நிறுவவும் புதுப்பிக்கவும் நல்ல இணையம் வேண்டும், இறக்கம் நடுவில் அறுந்தால் பொறுமையோடு மறுபடி தொடங்க வேண்டும். மேலும், ஏப்ரல் மாத வெயிலில் எங்கள் வன்தட்டுகளின் வெப்பம் 50 பாகையைத் தொட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும் வசதி உண்டென்றாலும் இணையம் இல்லாத நேரத்தில் அது வந்து சேராது. இருபுறமும் மூடிய அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துச் சுவரோரம் வைத்து, முன்பக்கம் ஒரு சிறு விசிறி பொருத்திய பிறகு 43க்கு இறங்கியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேண்டுமென்றே சர்வரை அணைத்து, முதல் தட்டைக் கழற்றி, உபுண்டு பென் டிரைவில் தொடங்கிய ஒரு மடிக்கணினியில் யுஎஸ்பி இணைப்பி வழியே செருகிப் பார்த்தேன். ஓப்பன்மீடியாவால்ட் இல்லாமலேயே, கடவுச்சொல்லோ உரிமச்சாவியோ கேட்காமல், கோப்புறைகள் அனைத்தும் தமிழ்ப் பெயர்களோடு வரிசையாகத் திறந்தன. பக்கத்தில் நின்ற அண்ணன், பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய தன் மகளின் காதுகுத்து அட்டையைத் தேடி எடுத்து அச்சுக்குக் கொடுத்தார். கோயில் கமிட்டியார் தங்கள் வரவுசெலவுக் கணக்குகளுக்கும் திருவிழாப் படங்களுக்கும் இதே போல ஒன்று அமைத்துத் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கணினியைக் கடைசியில்தான் தேடப்போகிறோம். முதலில் வாங்கச் சொல்லியிருப்பது, யுஎஸ்பி இணைப்புள்ள நல்ல யுபிஎஸ் ஒன்று.